மஞ்சள் மேலங்கி

எங்கள் முதியோர் இல்லத்தில் பணிப்பெண்கள் நாங்கள் சாப்பாடு ஊட்டும்போது மஞ்சள் மேலங்கி போடுவோம், தூங்கவைக்கும்போது நீலம். மஞ்சள் பசியைக் கிளப்புமாம்.

நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பணிப்பெண் கணவரை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அவள் இல்லாதபோது தபால்காரத் தாத்தா யார் ஊட்டியும் வாய் திறக்கவில்லை. இந்த மதியமும் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய்தான்.

கறுப்பு உடையில் வந்தவள் மஞ்சள் மேலங்கியை எடுத்தாள்.

"இன்னைக்கு வேணாம்டி. பார்க்கிறவங்க ஏதாவது சொல்லுவாங்க" என்றேன்.

"சொல்லட்டும்க்கா. எனக்கு எல்லா நிறமும் ஒண்ணாத்தான் தெரியுது. தாத்தாவுக்காவது பசிக்கட்டும்."

தாத்தா அவளைப் பார்த்துச் சிரித்தார். "வந்துட்டியா கொக்கு? வீட்டுக்காரர் சௌக்கியமா?"

"சௌக்கியம் தாத்தா. வாயைத் திறங்க."

திறந்தார். கிண்ணம் காலியானது. நான் குழாயை அலமாரியில் வைத்தேன். அவள் நீலத்துக்கு மாறப் போனாள். தாத்தா தூங்கும் நேரம்.