செஞ்சி குப்பைமேட்டுப் பூங்காவில் வேப்பங்கன்று பிழைக்காத இடம்

செஞ்சிக் கோட்டைக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது கோட்டையைப் பற்றிய கட்டுரை அல்ல. ஊரோரத்துக் குப்பைமேட்டை மண் போட்டு மூடி, மேலே பூங்கா அமைத்திருக்கிறார்கள் என்று நண்பர் ஒரு வீடியோ அனுப்பினார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். பாராட்டி எழுதுவது என்று போகும்போதே முடிவு செய்திருந்தேன். என் அவசரபுத்தி அப்படி.

திண்டிவனத்திலிருந்து 28 கிலோமீட்டர். பஸ்ஸில் ஐம்பது நிமிடம். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு ஆட்டோ எண்பது ரூபாய். "அங்க இன்னா சார் இருக்குது? கோட்டைக்கே வுட்டுடட்டுமா?" என்று டிரைவர் இரண்டு முறை கேட்டார். நாலு மணிக்கு வாசலில் இறங்கினேன். டிக்கெட் பத்து ரூபாய்.

வாசலோரம், முனை வளைந்த நீளக் கம்பியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் அஞ்சலை. பதினெட்டு வருஷம் அந்தக் கம்பியால் இந்த மேட்டைக் கிளறிப் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கியவர். பூங்காவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை தருகிறோம் என்ற வார்த்தையை நம்பி மேட்டை விட்டிருக்கிறார். வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்துவிட்டார்கள். "ஞாயித்துக்கெழம காண்ட்ராக்டர் வருவாரு. இன்னிக்காவது கேட்டுடலாம்னு குந்தினு இருக்கேன். டிக்கெட் இல்லாம உள்ள வுட மாட்றாங்க" என்றார். இரண்டு டிக்கெட் எடுத்தேன். பெரிய தர்மப் பிரபு மாதிரி ஒரு நினைப்பு வேறு.

உள்ளே சிமென்ட் வாத்துகள், கல் பாவிய நடைபாதை, தூரத்தில் கோட்டையின் ராஜகிரி மலை. வெயிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. சறுக்குமரத்தைச் சுற்றி ஐந்து வேப்பங்கன்றுகள் கருகி நின்றன. அஞ்சலை செருப்பைக் கழற்றி, அங்கே வெறுங்காலை வைத்துப் பார்த்தார். குப்பை பொறுக்குகிறவர்கள் அப்படிப் பார்த்துத்தான் அடியெடுத்து வைப்பார்களாம். அடியில் நெருப்பு கனன்றால் மேலே புகை தெரியாது, கால்தான் சொல்லும். பிறகு கம்பியை ஒரு முழம் இறக்கி, சற்றுப் பொறுத்து உருவினார்.

"தொட்டுப் பாருங்க சார்."

தொட்ட விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"இங்க இன்னா வச்சாலும் வேரு வெந்துடும். என்னை வேலைக்கு வச்சிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்."

காவலாளி விசிலோடு வந்தார். "யார் உன்ன உள்ள வுட்டது? கம்பிய எடுத்துனு கெளம்பு." அஞ்சலை என்னைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க சார். தொட்டுப் பாத்தீங்க இல்ல?"

வெளியூரில் எதற்கு வம்பு என்று செல்போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல் நின்றேன். அஞ்சலை செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனார்.

கால் மணி நேரத்தில் காண்ட்ராக்டர் வந்தார். வாசலில் அஞ்சலை இல்லை; துரத்திவிட்டிருந்தார்கள். என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்ததும் காண்ட்ராக்டரே என்னிடம் வந்தார். "பார்க் எப்டி சார் இருக்குது?"

"நல்லா இருக்குது" என்றேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

போகிறவர்களுக்கு: மாலை ஐந்துக்கு மேல் போங்கள், நிழல் கிடையாது. குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். சறுக்குமரத்துப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். வாசலில் அஞ்சலை இருந்தால் இரண்டு டிக்கெட் எடுங்கள். டிக்கெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்திவிட்டேன்.