கிராணியின் பொய் லைன்

மைக் கூவினால் எனக்கு இன்றைக்கும் உடம்பு பதறும். போன மாதம் பிரிஞ்சாங்கில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். வாழ்த்திப் பேச வந்த ஒருவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முன்னாலேயே போய் நின்றார். அது வீலென்று கத்தியது. மண்டபமே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. என் கையிலிருந்த காப்பி மடியில் கொட்டியது. வயசாகிவிட்டது, நடுக்கம் என்று சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்தவள் துடைத்துவிட்டாள். வயசுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதே சத்தத்தைப் பத்தொன்பது வயதில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என் கண்ணெதிரே ஒரு மனிதரைக் கொண்டுபோனார்கள்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், அவர் பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவன் குடியேறியிருந்தான். தேயிலை கவாத்து இல்லாமல் காடு மண்டிக் கிடந்தது. பாதி மலையில் மரவள்ளிக்கிழங்கு. மிஷன் பள்ளியில் நாலெழுத்து படித்தவள் என்பதால் தோட்டத்துத் தொலைபேசிப் பலகைக்கு முன்னால் என்னை உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு மேலாள் டெலிபோன் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்காரன் காலத்தில் ஈப்போவில் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். மனிதர் லேசுப்பட்டவரல்ல. சட்டை கசங்கக் கூடாது, தேநீர் ஆறக் கூடாது, தான் போட்ட கணக்கை எவரும் சந்தேகப்படக் கூடாது. ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணங்குவதில் மட்டும் அவர்தான் முதல் ஆள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அவர் பேச்சை எடுத்தாலே காறித் துப்புவார்கள். நானும் துப்பியிருக்கிறேன், அவர் தலை மறைந்த பிறகு.

அடிவாரத்து ஊரான தாப்பாவிலிருந்து மலையேறி வரும் கம்பியில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அதை உரக்கக் கேட்கவைக்க அதிகாரி ஓர் இயந்திரம் கொண்டுவந்தான். கீழிருந்து வரும் பேச்சையும் மேலிருந்து போகும் பேச்சையும் அதுவே பெருக்கிவிட வேண்டும். அங்கேதான் வம்பு. ஒரு பக்கம் பெருக்கிய குரல் மறுபக்கமாகத் திரும்பி நுழைந்து, மறுபடி பெருத்து, கல்யாண மண்டபத்து மைக் மாதிரியே கூவ ஆரம்பித்துவிடும். அதை அடக்கக் கிராணி ஒரு பெட்டி செய்தார். உள்ளே இருந்ததெல்லாம் உடைந்த ரேடியோக்களிலிருந்து பிடுங்கிய கம்பிச் சுருள்களும் கண்டென்சர்களும்தான். ஆனால் மின்சாரத்துக்கு அந்தப் பெட்டி, மலையடிவாரம் வரை போகும் அத்தனை மைல் கம்பியாகவே தெரிய வேண்டும். அதே தடை, அதே கசிவு. இயந்திரம் ஒரு பக்கம் நிஜக் கம்பியைப் பார்க்கும், மறுபக்கம் பெட்டியைப் பார்க்கும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் ஏமாந்துபோய் வாய் திறக்காது; எந்தப் பக்கம் கொஞ்சம் மாறினாலும் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். கிராணி அதைப் பொய் லைன் என்பார். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் காகிதங்களில் கணக்குப் போட்டுப் போட்டு, ஒருவழியாகச் சரிக்கட்டினார். கூவல் நின்றது. அதிகாரி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

எரிந்ததற்குக் காரணம் உண்டு. என் அண்ணன் காட்டில் இருந்தான். ஜப்பான்காரனை எதிர்த்த கூட்டத்தோடு சேர்ந்துகொண்டவன், அதே லைனில் எங்கோ ஒரு வளைவில் ரகசியமாகத் தன் கம்பியை மாட்டி, ரோந்துப் படை எப்போது புறப்படுகிறது என்று ஒட்டுக்கேட்கப் போவதாகக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி மூலம் சொல்லியனுப்பியிருந்தான். சேதி அவனிடமிருந்துதான் வரும். நானாக அனுப்ப வழி கிடையாது. பிடிபட்டவர்களை என்ன செய்வார்கள் என்பதைத் தானா ராத்தா கடைவீதிக்குச் சாமான் வாங்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து, சோறு இறங்காமல் கிடந்திருக்கிறார்கள்.

ஒரு மத்தியானம், நானும் கிராணியும் மட்டும் இருந்தபோது, இயந்திரம் மெல்ல முனகியது. கிராணி காதில் கருவியை வைத்துக் கேட்டார், லைனை அளந்து பார்த்தார். முகம் மாறியது. இது நேற்றைய லைன் இல்லை, இதில் எதையோ மாட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மாட்டியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேரே பங்களாவுக்கு ஓடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஓடவில்லை. பெட்டியைத் திறந்து, ஒரு சிறிய கண்டென்சரைக் கூடுதலாகப் பற்றவைத்தார். அண்ணன் மாட்டியதையும் சேர்த்தே பொய் லைன் இப்போது நடித்தது. முனகல் அடங்கியது.

"லைன்ல ஈரம், அதான்" என்றார். மழை பெய்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா புள்ள பாக்குற? நீ ஒன்னும் கேக்கல, நான் ஒன்னும் சொல்லல. அவ்ளோதான் லா."

இவரைப் பார்த்தா துப்பினேன்? யாரிடமாவது சொல்லி அழவும் முடியாது. சொன்னால் அவரும் போவார், அண்ணனும் போவான்.

சில நாள் கழித்து ஒரு காலை, அதிகாரி எங்கள் அறையிலேயே உட்கார்ந்து, இயந்திரத்தின் ஒலியை நன்றாகக் கூட்டிவைத்துத் தாப்பாவோடு பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று இயந்திரம் கத்தியது. அன்றைய முனகல் இல்லை, காதைக் கிழிக்கும் கூவல். அதிகாரியும் இந்த வேலை தெரிந்தவன். யாரோ லைனில் கை வைத்திருக்கிறான் என்று, கம்பியோரமாகவே படையை அனுப்பச் சொல்லி வாசலில் நின்ற சிப்பாயைக் கூப்பிட்டான். கிராணியின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு விளங்காதது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அண்ணன் தன் கம்பியைக் கழற்றிவிட்டான். நிஜ லைன் சுத்தமாகிவிட்டது. பொய் லைன்தான் இல்லாத கம்பியை இருப்பதாகக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கழற்றியவன் இன்னும் அந்தக் கம்பத்தடியில்தான் இருப்பான்.

கிராணி எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார், குனிந்து வணங்கினார். "லைன் பாகுஸ், துவான். கோத்தாக் ரோசாக். சாயா பூன்யா சாலா" என்றார். லைன் நன்றாக இருக்கிறது, பெட்டிதான் கெட்டிருக்கிறது, தப்பு என்னுடையது. கணக்கில் தப்பு என்று அந்த வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பெட்டியைத் திறந்து, தான் பற்றவைத்த கண்டென்சரைப் பிடுங்கினார். கூவல் சட்டென்று நின்றது.

அதற்கு மேல் சாட்சி எதற்கு? அதிகாரி சிப்பாயைப் போக வேண்டாம் என்றான். பிறகு கையை நீட்டிக் கண்டென்சரை வாங்கிப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த ஈயம் புதிதாகப் பளபளத்தது. கைதவறி வைக்கிற சாமான் அல்ல அது. என் பேச்சைக் கெடுக்கத்தான் வைத்தாயா என்று கேட்டான். ஆமாம் என்றார் கிராணி, ஏதோ நேரம் கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல. நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. எழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அடித்து இழுத்துப்போய் லாரியில் ஏற்றினார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் என்னையும் ஏற்றியிருப்பார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அவர் வரவில்லை. உடலும் வரவில்லை. ஜப்பான்காரனுக்கு வால் பிடித்தவனுக்கு அவனே கூலி கொடுத்துவிட்டான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கிராணியின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரிங்லெட் பக்கம் போனபோது ஒருவரும் வாசலுக்கு வரவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு அண்ணன் இறங்கி வந்தான், தாடியும் எலும்புமாக. நான் வைத்த கிழங்கைத் தின்றபடியே தன் சாமர்த்தியத்தைச் சொன்னான். "மாட்டுன அன்னைக்கே லைன் முனகுனிச்சி, எனக்கும் கேட்டிச்சி. அப்பறம் நின்னிருச்சி. அதான் எனக்குப் பயம். ஒன் கிராணி கண்டுபுடிச்சிட்டு வலை விரிக்கிறான்னு நெனச்சேன். சமயம் பாத்துக் கழட்டிட்டேன். இல்லாட்டி அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருப்பான் லா."

எல்லாவற்றையும் சொன்னேன். முனகல், கூடுதல் கண்டென்சர், லாரி. சொல்லி முடிக்கும்வரை அவன் வாயிலிருந்த கிழங்கை மெல்லவில்லை. பிறகு கேட்டான்.

"நான் அத கழட்டாம விட்டிருந்தா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"சத்தமே வந்திருக்காது அண்ணே" என்றேன்.