எத்தனை பிரசவம் என்று கேட்டவர்

பரமேஸ்வரி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் பசாரில் மீன் வெட்டித் தரச் சொல்லி நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி கொண்டுபோகவில்லை. கைகூப்பும் படம் என்று நினைத்து நான் அனுப்பியது சிரிக்கும் முகம். குழுவில் சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அக்கா பார்த்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய வம்சாவளியை, குடும்பத்தாள் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தவர் அவர். அரசாங்க ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வீட்டுச் சண்டையில் எனக்கு எவ்வளவு ருசியோ, பழைய பதிவேடுகளில் அவருக்கு அவ்வளவு. அதிலும் இறந்தே பிறந்த குழந்தைகளைத்தான் விடாமல் தேடுவார். பெயர் வைக்காததால் எந்தக் குடும்பத்தாளிலும் ஏறாதவர்கள். "எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா, இருக்கிறதத்தான் சொல்வாங்க. எத்தனை பிரசவம்னு கேக்கணும்" என்பார்.

ஒருநாள் என் குடும்பத்தாளைப் பார்த்தவர், பிச்சைமுத்து என்ற என் பெயரில் விரலை வைத்தார். அந்தப் பெயரைக் கிண்டல் செய்து எழுதியே பாதி வாழ்க்கையை ஓட்டியவன் நான்.

"உங்களுக்கு முன்னாடி யாரு, தம்பி?"

"யாருமில்லக்கா. நான்தான் மூத்தவன்."

"தலைப்பிள்ளைக்கு யாரும் சும்மா பிச்சைன்னு வைக்க மாட்டாங்க லா. ஒண்ணு தவறிப் போனா, அடுத்ததாவது தங்கட்டும்னு வைக்கிற பேரு இது. அம்மாவக் கேளுங்க."

கெலுகோரில் எங்கள் வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அம்மா, உனக்கு எத்தனை பிரசவம்?" என்றேன்.

"நாலு" என்றார், மணி கேட்டால் சொல்வதுபோல. நாங்கள் மூன்று பேர்.

"சொல்லவே இல்லியேம்மா?"

"யாரு கேட்டா?" இன்னும் இரண்டு தண்டு ஆய்ந்தார். "ஆணா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியாதுடா. காட்டல. உங்கப்பாதான் தூக்கிட்டுப் போனாரு. கேட்டா அழுதுருவாருன்னு கடைசி வரைக்கும் கேக்கல."

நான் அப்போது ஏதோ ஜோக் சொன்னேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

இறந்து பிறந்தவர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அம்மாவின் கையெழுத்தோடு அக்கா விண்ணப்பம் போட்டார். அப்பாவின் பெயரை நான் தப்பாக எழுதிக் கொடுத்ததால் அது ஒரு முறை திரும்பி வந்தது. நகல் கிடைத்ததும் என்னிடம் தரவில்லை. மூட்டுவலியோடு இரண்டு மாடி ஏறி வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "பொண்ணும்மா" என்றார்.

அம்மா தாளை வாங்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை, "பொண்ணா." பிறகு எழுந்து மைலோ கலக்கப் போனார்.

அக்கா பேனாவை எடுத்து, குடும்பத்தாளில் என் பெயருக்கு முன்னால் இருந்த ஒன்று என்ற எண்ணை அடித்து இரண்டு என்று எழுதினார். ஐம்பது வயதுக்கு மேல் எனக்குப் பதவி இறக்கம்.

இப்போதெல்லாம் நான் மருந்து வாங்க மறந்து வந்தால் அம்மா சொல்கிறார்: "உங்கக்கா இருந்திருந்தா மறப்பாளா?" நான் எதிர்த்துப் பேசுவதில்லை. பரமேஸ்வரி அக்கா தேடிக் கொடுத்த அக்கா அவள். திட்டு வாங்கியாவது அவளை வைத்துக்கொள்கிறேன்.