ராகு காலத்தில் எடுத்த கார்

போன ஆவணியில் ஒரு முகூர்த்த வெள்ளிக்கிழமை, செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் ஒரு கார் ஷோரூமில் நடந்தது இது. இப்போது எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும், எழுதித்தான் தீருவேன்.

என் வீட்டுக்காரர் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்கும் கேப் ஓட்டுகிறார். எங்களுக்கு அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். இன்று எங்களுக்குச் சோறு போடுவது அந்த ஸ்டியரிங்தான். அப்படியிருக்க, கம்பெனியில் டிரைவர்களை எல்லாம் கூப்பிட்டு, இனிமேல் எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் ரூட் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுத்த கெடு ஒரு திங்கட்கிழமை. அன்று காலையில் புது வண்டி போய் நிற்கவில்லை என்றால் ரூட் வேறொருவருக்குப் போய்விடும்.

பேரம் பேசும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பொத்தேரியில் ஒரு மாணவியர் விடுதி மெஸ்ஸுக்குச் சாமான் வாங்கிப் போடுவது என் வேலை. தினமும் காய்கறிக்காரரோடும் அரிசி மண்டிக்காரரோடும் மல்லுக்கட்டுகிறவள். ஷோரூமில் அந்த விற்பனைப் பிரதிநிதிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. நான் கேள்வி கேட்பேன், அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பதில் சொல்வார். நான்காவது கேள்வியில், "தம்பி, இங்க பாத்துப் பேசுங்க, அவரு வண்டி ஓட்டறதோட சரி" என்றேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

சும்மா போகவில்லை நான். வேறொரு ஊர் ஷோரூமில் விலை கேட்டுக்கொண்டு வந்தேன். மாதக் கடைசியில் அவர்களுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டு, மாதக் கடைசியாகப் பார்த்துப் போனேன். ஒரு தடவை பாதிப் பேச்சில் எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட்டார்கள். கடைசியில் ஒரு விலை படிந்தது. ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ், வீட்டில் சார்ஜர் பொருத்துவது, கால் மிதியடி எல்லாம் அதற்குள் அடக்கம், இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று வாய் நிறையச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் கிளம்பும்போது ஒரு காரியம் செய்தோம். "எந்த நேரத்துல சார் வண்டி எடுக்கறீங்க? ரிப்பன் கட்டி ரெடியா வெச்சிடறேன்" என்று அந்தப் பிரதிநிதி தேனாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் எல்லாக் கதையையும் கொட்டிவிட்டார். அவருடைய முதல் வண்டியை அவசரத்தில் ராகு காலத்தில் எடுத்ததும், ஒரு மாதத்துக்குள் மதுராந்தகம் பக்கத்தில் லாரி இடித்ததும், காலுக்குள் இன்னும் கம்பி இருப்பதும், அதற்கப்புறம் காலண்டர் பார்க்காமல் அவர் ஒரு செருப்புகூட வாங்குவதில்லை என்பதும் எல்லாம். வெள்ளிக்கிழமை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள், ராகு காலம் தொடங்கும் முன், வண்டி வெளியே வந்துவிட வேண்டும் என்றார். திங்கட்கிழமைக் கெடுவையும் சேர்த்துச் சொன்னார். "அய்யோ பாவம் சார்" என்று அவர் உச்சுக்கொட்டினார். நல்ல பையன் என்று நானும் நினைத்தேன். என் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது?

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு முன்னாலேயே போய்விட்டோம். நான், அவர், ஆரத்தித் தட்டோடு என் நாத்தனார். மாலை, தேங்காய், சக்கரத்துக்கு வைக்க நான்கு எலுமிச்சம்பழம் எல்லாம் பையில். நல்ல நாள் என்பதால் வேறு குடும்பங்களும் வண்டி எடுக்கக் காத்திருந்தன. எங்கள் கார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பளபளவென்று நின்றது. பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. வங்கிக் கடன் பணம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று, வண்டி எங்கள் பெயரில் பதிவும் ஆயிற்று. சாவி மட்டும்தான் அவர்களிடம்.

எங்களை சோபாவில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். மேனேஜர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள். பத்து மணியும் தாண்டிவிட்டது. என் வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்து, இன்னும் முப்பத்தெட்டாயிரம் பாக்கி இருக்கிறது, கட்டிவிட்டால் சாவி தயார் என்றார்.

என்ன பாக்கி என்றேன். ஹேண்ட்லிங் சார்ஜ், அடிப்பாகத்துக்குக் கோட்டிங், வீட்டில் சார்ஜர் பொருத்தும் கூலி. எல்லாம் அடக்கம் என்று உங்கள் ஆள் சொன்னாரே என்றேன். அந்த ஆள் ஏசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சலுகை போன மாதத்தோடு முடிந்துவிட்டது என்றார் மேனேஜர். எங்கள் ஆள் வந்து சார்ஜர் பொருத்தவில்லை என்றால் பேட்டரி வாரண்டியே செல்லாது என்று ஒரு பயத்தையும் சேர்த்துப் போட்டார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நான் கத்த ஆரம்பித்ததும் அவர் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்.

"நல்ல நாளும் அதுவுமா ஏன் மேடம் சண்டை? சார் ராகு காலம் பாப்பாராமே. பத்தரைக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. காபியும் கையெழுத்தும் எதற்கென்று விளங்கியது. நம்பிச் சொன்ன ஒரு மனிதனின் வலியை, அவன் காலில் இருக்கும் கம்பியை எடுத்து அவன் கழுத்திலேயே வைத்து அழுத்துகிறார்கள். இதற்கு வழிப்பறி எவ்வளவோ மேல் இல்லையா? வழிப்பறிக்காரன் காபி கொடுத்து உட்கார வைப்பதில்லை.

ஆனாலும் என் கை போனை எடுத்துவிட்டது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அதில் இருந்தது. என் வீட்டுக்காரரின் நெற்றியில், அந்த ஏசியிலும், வேர்வை. அவர் அந்த வண்டியில்தான் தினமும் போக வேண்டும். பயந்துகொண்டே ஓட்டினால் என்ன ஆவது? தொலையட்டும், கட்டிவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "போனை உள்ள வையி மே" என்றார். அப்புறம் மேனேஜரைப் பார்த்து, "பத்தரை ஆவட்டும் சார். நான் இன்னா ஓடிட்டா போறேன்" என்றார்.

என் நாத்தனார் பதறிப்போய், "இன்னாண்ணே சொல்ற, நேரம் போய்கினே கீது" என்றாள். முள் பத்தரையைத் தொட்டது, தாண்டியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து டீப்பாயில் வைத்தார்.

"சார், ஒரு கத்தியும் தண்ணியும் குடுக்க சொல்லு. சக்கரத்துக்குத் தான் வேலை இல்லாம பூடுச்சே, ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். காபி கொடுத்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தி, தண்ணீர், சர்க்கரைப் பொட்டலங்கள் எல்லாம் கொண்டுவந்தாள். அவர் நிதானமாக நறுக்கிப் பிழிந்து எங்களுக்கெல்லாம் கொடுத்தார். மேனேஜருக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். அந்த ஆள் வாங்கவில்லை, முகம் செத்துப்போயிருந்தது.

பக்கத்து சோபாவில் மாலையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இன்னாம்மா அது ஹேண்ட்லிங்கு? எங்ககிட்டயும் கேப்பாங்களா?" என்றார். கேட்க வேண்டுமா என்னை. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாக விளக்கினேன். காத்திருந்த மற்றவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். எதுவானாலும் இங்கேயே சொல்லுங்கள் என்றேன். பாதி கட்டினால் போதும் என்றார். முடியாது என்றேன். கடைசியில் கால் மிதியடிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு சாவியை வைத்தார்கள். அதையும் கொடுத்திருக்கக் கூடாது. இன்றைக்கும் அந்த மிதியடியில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது மணி பதினொன்று. நல்ல ராகு காலம். "பன்னண்டு மணிக்கு மேல எடுத்துக்கோ அண்ணே, ஒரு மணி நேரம் தானே" என்று நாத்தனார் கெஞ்சினாள். "பன்னண்டுக்குன்னு சொன்னா, பதினொன்னே முக்காலுக்கு இன்னொரு சார்ஜோட வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழமும் இல்லை, ஒன்றுமில்லை. சத்தமே இல்லாமல் வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டியது.

மாமல்லபுரம் பக்கத்தில் கடலோரம் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். பயமாக இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன்.

"இல்லாம பூடுமா. ஆனா அவன் குடுக்கற நல்ல நேரத்துல எடுத்திருந்தா, தினிக்கும் அவன் மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வரும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் வண்டி சிறுசேரியில் நின்றது. இன்றுவரை ஒரு கீறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் ஆளை வீட்டுக்குள் விட மனம் வராமல், சார்ஜரை எங்கள் ஊர் எலெக்ட்ரீஷியனை வைத்தே பொருத்திக்கொண்டோம். வாரண்டி செல்லும் என்று கார் கம்பெனியின் உதவி எண்ணிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டேன். மேனேஜர் காட்டிய அந்தப் பயமும் புளுகு. அவர் இன்னும் காலண்டர் பார்க்கிறார், நானும் கேலி செய்வதில்லை. அது அவருக்கும் அவர் சாமிக்கும் உள்ள கணக்கு, நடுவில் நின்று வசூல் செய்ய ஒரு மேனேஜருக்கு என்ன உரிமை இருக்கிறது? நல்ல நேரம் பார்ப்பதை நாங்கள் விடவில்லை, ஆனால் எங்களுக்கு எது நல்ல நேரம் என்பதை இப்போதெல்லாம் எந்தக் கடைக்காரரிடமும் சொல்வதில்லை.