எந்தப் பக்கம் போனார்

ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் அரியலூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு வாங்கினேன். நான் இருப்பது பெரம்பலூரில். மாத வாடகையில் என்ன வந்துவிடப் போகிறது, சிமெண்ட் ஆலைக்கு இரண்டு மூன்று நாள் வேலையாக வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று நினைத்தேன். வாரத்தில் பாதி நாள் அங்கேயே முன்னறையில் தங்கிக்கொள்வேன். இதற்கென்று சட்டம் இருக்குமே, முதலில் அதைப் படிப்போம் என்று இந்த வாத்தியாரம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரியாததா என்கிற திமிர்தான், வேறென்ன.

ஒருநாள் மதியம் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். ஸ்டேஷன் டீக்கடையில் சொன்னார்களாம். ஊர் குன்னம் பக்கம். தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு. அடையாள அட்டை கேட்டேன்.

"எடுத்தாரலைங்க டீச்சர். காலைல போயிடுவேன்."

பரவாயில்லை என்று சாவியைக் கொடுத்தேன். மெட்ராஸ் வண்டி காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டார், சொன்னேன். மறுநாள் நான் எழுந்தபோது சாவி ஜன்னலில் இருந்தது. துண்டைக் கொடியிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த வாரமே நகராட்சி ஆபீசுக்கு வரி கட்டப் போனேன். பேச்சுவாக்கில் நாள் வாடகை விஷயத்தைச் சொன்னதும் எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். உரிமம் வாங்க வேண்டும், வரியை மாற்ற வேண்டும், தங்குகிறவர்களின் அட்டை நகலை வாங்கிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

"நகல் இல்லாம ஆளைத் தங்க வெச்சு ஏதாவது ஆயிட்டா, கேஸ் உங்க மேலதான் டீச்சர்."

ரசீதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்த செல்போனில் அன்று தங்கிப் போனவரின் படம். அவள் வீட்டுக்காரராம், சொல்லாமல் கிளம்பிப் போய் ஒரு வாரம் ஆகிறதாம். டீக்கடையில் இங்கே கைகாட்டியிருக்கிறார்கள்.

"இங்க தங்குனாராக்கா?"

"இல்லம்மா. யாரும் வரல."

"எந்தப் பக்கம் போனாருன்னு தெரிஞ்சாக்கூட போதும்க்கா. அந்தப் பக்கமாப் போயித் தேடிக்குவேன்."

"எனக்குத் தெரியாதும்மா."

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நான் கொண்டுவருவதற்குள் கொடியருகே போய்விட்டிருந்தாள். துண்டில் படிந்திருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இதே மாதிரி அவருகிட்டயும் ஒண்ணு இருக்குக்கா."

"அது என் வூட்டுக்காரரோடது," என்றேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது.

துண்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருப்பேன். தேடி வருகிற இப்படி ஒருத்திக்காகத்தானே அந்தப் பதிவேடே. நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இப்போது உரிமம் சுவரில் தொங்குகிறது. யாரும் கேட்காத ஒரு கட்டத்தையும் பதிவேட்டில் நானே கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன்: இங்கிருந்து எங்கே போகிறீர்கள்? சிலர் சிரிக்கிறார்கள். எழுதாதவர்களுக்குச் சாவி கிடையாது. காலையில் மெட்ராஸ் வண்டி கூவும்போதெல்லாம் ஜன்னலில் யாரோ சாவி வைக்கிற சத்தம் கேட்கிறது. வீடு காலியாக இருக்கிற நாளிலும் கேட்கிறது. எழுந்துபோய்ப் பார்க்கிறேன். சாவி ஆணியில்தான் தொங்குகிறது.

போன மாதம் துண்டைத் துவைத்து எடுத்துக்கொண்டு குன்னத்துக்குப் பஸ் ஏறினேன். இறங்கி நின்றவளிடம் ஒரு கடைக்காரர், "யாரைப் பாக்கணுங்க?" என்றார். வாயைத் திறந்தேன். அவர் பெயரைத்தான் எழுதிவைக்கவில்லை. வாசலில் நின்று அக்கா அக்கா என்றாளே, அவள் பெயரையும் நான் கேட்டிருக்கவில்லை.