வலி போன கால்

செருப்புக் கடையில் ஒரு நாள் ஒரு பெரியவர் ஷூ போட்டுப் பார்க்கக் காலை நீட்டினார். காலுறையில் ஓட்டை; பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. பக்கத்து நாற்காலிப் பெண்கள் திரும்புவதற்குள் கடை விற்பனைக்காரர் குறுக்கே நகர்ந்து தன் முதுகால் அதை மறைத்துக்கொண்டார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த விற்பனைக்காரரின் மனைவி மட்டும் அதைப் பார்த்தாள். வீட்டில் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மச்சான் என்று அவளுடைய தம்பி வந்து வாய்த்தான்.

இருபத்தாறு வருஷம் முட்டி போட்டு ஊரார் பாதத்தைப் பிடித்தவருக்கு, சர்க்கரை வந்து தன் பாதமே எரிய ஆரம்பித்தது. போர்வை பட்டால்கூட நெருப்பை மிதித்த மாதிரி காலை உதறுவார். டாக்டர் மாத்திரை எழுதினார். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கைக் குறைக்கச் சொன்னார். தினமும் பாதத்தை யாராவது பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அது மட்டும் நடக்கவில்லை. ஊரார் காலையெல்லாம் பிடித்தவருக்குத் தன் காலை மனைவியிடம் காட்டக் கூச்சம்.

தம்பி வாடகை வீடு பிடித்துக் கொடுக்கும் தரகன். கைப்பேசியில் நாலு வீடியோ பார்த்து வைத்தியனானவன். தினம் ஆறு முட்டை தின்பதால் வீட்டில் அவனுக்குப் பேரே முட்டை.

"அத்தான், மாவுச்சத்தை அடியோட நிறுத்துங்க. மாத்திரையும் வேணாம். மூணே மாசம், கால் ஜில்லுனு ஆயிடும்."

"நீ எந்தக் காலேஜுல படிச்ச?" என்றாள் அவள்.

"அனுபவம்க்கா."

"யாரோட அனுபவம்? கோழியோடதா?"

சோறு போய் முட்டையும் மீனும் கீரையும் வந்தன. அது அவருக்கு ஒத்துக்கொண்டதை அவளும் மறுக்கமாட்டாள். தொப்பை வற்றியது, முதல் மாதம் சர்க்கரையும் இறங்கியது. உடனே மாத்திரை டப்பா பரணுக்கு ஏறியது. கூடவே சர்க்கரையும் ஏறியதை அளந்து பார்க்க ஒருவரும் இல்லை. மூன்றாம் மாதம் எரிச்சல் நின்றது. முட்டை தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தான். "எங்க அத்தான் காலைப் பாருங்க!" என்று போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்துவான். அந்தக் காலை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அவர் புது ஷூ எடுத்தார். தன் அளவு ஒன்பது என்று நன்றாகத் தெரிந்தவர், ஒன்பது தொளதொளவென்று இருக்கிறதென்று எட்டை மாட்டிக்கொண்டார். இறுகப் பிடித்தால்தான் கால் இருப்பதே அவருக்குத் தெரிந்தது. வேறொருவர் அப்படிக் கேட்டிருந்தால் கொடுத்தே இருக்கமாட்டார்.

பத்தாம் நாள் துவைக்கிற வாளியில் காலுறை ரத்தமாகக் கிடந்தது. அவள் அவர் காலை இழுத்துத் தன் மடியில் போட்டுப் பார்த்தாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"வலிக்கவே இல்லையே," என்றார், யாரோ வாடிக்கையாளர் காலைப் பார்ப்பது போல.

"எரிச்சல் குணமாகலை. நரம்பு உணர்ச்சியே போயிடுச்சு," என்றார் டாக்டர். விரல் போயிற்று. காலாவது மிஞ்சியதே என்று அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

தான் வேறு ஊருக்குக் குடிபோகுமுன் முட்டை வந்தான், கையில் முப்பது முட்டை அட்டையோடு. "தப்பு ஷூ மேலதான் அத்தான். நம்ம முறையில குத்தமே இல்ல."

நம்ம முறையாம்! முறையில் பங்கு கேட்கிறவன் போன விரலில் பங்கு கேட்கவில்லை. கடவுள் சொன்னால் அவனை அவள் மன்னித்துவிடுவாள். மதிக்கச் சொன்னால்தான் முடியாது. வெறுப்பதற்குக்கூட ஆளிடம் கொஞ்சம் கனம் வேண்டுமே.

அதற்குப் பிறகு அத்தானும் மச்சானும் சந்திக்கவில்லை. அன்று அவர் கம்பை ஊன்றி வாசல் வரை வந்து சொன்னார்:

"மச்சான், சாப்பாட்டை நான் பழையபடி மாத்தமாட்டேன். மாத்திரையையும் இனி விடமாட்டேன். நீ ஒண்ணு செய். இன்னொருத்தன் வலி போச்சுன்னு சொன்னா, கைதட்டுறதுக்கு முன்னாடி குனிஞ்சு அவன் காலைப் பாரு. குனிஞ்சா நீ ஒண்ணும் கொறஞ்சு போயிடமாட்ட."