மூன்றாம் பாகம் எண்ணூரில்

மாதா மாதம் எங்கள் வீட்டில் ஒரு மர்ம நாவலை வெட்டுவோம். நிஜமாகவே வெட்டுவோம். திருவொற்றியூர் ஸ்டேஷன் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் பாக்கெட் நாவலை நைனா ஷிப்ட் முடிந்து வரும்போது வாங்கி வருவார். அம்மா பின்னைப் பிடுங்கி, மீன் நறுக்கும் கத்தியால் அதன் முதுகைக் கீறி, நாலாகப் பிரித்துவிடுவாள். ஒருத்தர் முழுசாகப் படித்து முடிக்கிறவரை காத்திருக்கிற பொறுமை எங்களில் யாருக்கும் கிடையாது. எங்கள் வீட்டில் பாகம் பிரிக்க இருந்த ஒரே சொத்து அதுதான்.

முதலில் அண்ணன் படிப்பான். அவன் முடித்த பாகம் நைனாவுக்கு, அவரிடமிருந்து எனக்கு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது; நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். நாலாம் பாகம் மட்டும் நேரே அரிசி டிரம்முக்குள் போய்விடும். ஒருமுறை அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கொலைகாரன் யார் என்று உளறித் தொலைத்தான். அன்றைக்கு அம்மா போட்ட சட்டம் இது: முடிவை ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்து ஒன்றாகத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் தெருவுக்கு செல்போன் வராத காலம். அந்த மாதம் வந்த கதை இருக்கிறதே, அப்பப்பா! பெரிய பணக்காரர் ஒருவர், வீட்டில் தங்கவே நேரமில்லாதவர். தினமும் அவர் ஆபீசுக்கு ஒரு போன் வரும். "உங்கள் வீட்டில் ஒருத்தர் குறைகிறார். யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்." அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள். அந்த ஆளுக்குத் தன் வீட்டில் யார் காணாமல் போனார்கள் என்றே தெரியவில்லை! வீட்டுக்கு வந்து அறை அறையாக ஓடுகிறார். முதல் பாகத்தை முடித்ததுமே அடுத்ததைக் கேட்டு நைனாவைப் பிடுங்கி எடுத்தேன்.

அந்த வாரம்தான் அண்ணனுக்கும் நைனாவுக்கும் முட்டிக்கொண்டது. தான் வேலை செய்யும் கம்பெனியிலேயே அவனைச் சேர்த்துவிட நைனா யார் யாரையோ பார்த்துப் பேசி வைத்திருந்தார். இவனோ எண்ணூரில் தோஸ்து ஒருவனோடு சேர்ந்து போட் என்ஜின் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றான்.

"கிரீஸ்ல உருள்ற கலீஜ் வேலைக்கா உன்ன படிக்க வெச்சேன்?"

"எனக்கு அதான் புடிச்சிகீது நைனா. வுடு."

"அப்டின்னா அங்கியே போய் இர்றா!"

போயே விட்டான். சட்டைப் பையில் மூன்றாம் பாகத்தோடு போய்விட்டான்.

அதற்கப்புறம் நைனா அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புத்தகம், புத்தகம், புத்தகம்! "மூணாம் பாகத்த எத்துனு பூட்டான் பாருமே! மனுசன் எப்டி தூங்குறது?" டீ குடிக்கும்போதும் அதே பேச்சு, பல் தேய்க்கும்போதும் அதே பேச்சு. நான் இரண்டாம் பாகத்தை அம்மாவுக்குப் படித்தேன். மறுபடி போன் அடிக்கிறது. 'உங்கள் வீட்டில் ஒருத்தர் குறைகிறார்.' காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அண்ணன் சட்டை மாட்டும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மேல படி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலாம் பாகத்தையாவது கொடு என்று நைனா கேட்டுப் பார்த்தார். அம்மா டிரம்மின் மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அவன் இல்லாம எவனுக்கும் முடிவு கெடியாது."

நைனா கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

"எங்கயா போற?" என்றாள் அம்மா.

"எண்ணூருக்கு. புக்க வாங்கியார."

"புக்க மட்டுமா?"

"புக்க மட்டும்தான்!" என்று கத்திவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் நின்றேன். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன, கண்ணெல்லாம் புழுதி. ஒவ்வொரு சைக்கிளும் நைனாவுடையதாகத் தெரிந்து, கிட்டே வந்ததும் வேறு யாருடையதாகவோ ஆனது. வெறும் புத்தகத்தோடு வந்தால் என்ன செய்வது என்று நினைத்தபோதே அழுகை வந்தது. அப்போது இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்தது. மிதித்தது அண்ணன்! பின்னால் கேரியரில் மூன்றாம் பாகத்தைக் கையில் பிடித்தபடி நைனா! நான் போட்ட சத்தத்தில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாப்பாட்டுக்குக்கூட யாரும் காத்திருக்கவில்லை. மூன்றாம் பாகத்தை மூச்சுவிடாமல் படித்தேன். அம்மா டிரம்மைத் திறந்து நாலாம் பாகத்தை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். போன் செய்தது அந்த ஆளின் சொந்தப் பெண்டாட்டி, குரலை மாற்றிக்கொண்டு, அதே வீட்டு மாடியிலிருந்து. குறைகிற ஆள் யார் என்று அவளே சொல்கிறாள்: "நீங்கள்தான்."

"அடி சக்க!" என்று அம்மா தொடையில் அடித்துக்கொண்டாள். "அவனேவா!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணனும் நைனாவும் துளிகூட ஆச்சரியப்படவில்லை. இரண்டு பேரும் அம்மாவின் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நைனா மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ எப்படா படிச்ச?"

"போன மறுநாளே. கடைல தொங்கினு இருந்திச்சி, தாங்கல, வாங்கிட்டேன்." அண்ணன் தலையைச் சொறிந்தான். "நீ?"

"நானும் அன்னிக்கேதான்."

இன்னொன்று வாங்கலாம் என்று மக்கு எனக்குத்தான் தோன்றவில்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் வரவில்லை, சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. "முடிவு தெரிஞ்சிகினே ஏன் நைனா அவ்ளோ தூரம் மிதிச்சினு போன?" என்று கேட்டேன்.

நைனா அண்ணனைத்தான் பார்த்தார். "இங்கேர்ந்து போறதுன்னா, நாளைக்கி அந்த என்ஜின் வேலைக்கு எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

"ஆறு மணிக்கி நைனா."

அதற்குள் அம்மா டிபன் பாக்ஸைத் தேட எழுந்துவிட்டாள்.